25க்கு 50 மனை, மூணு பக்கமும் வீடு: இதுல மினிமல் வீடு கட்டினா வாழ முடியுமா, இல்ல போட்டோவுக்கு மட்டும்தானா?

நீலமாடி:

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிக்கறதோட சரி, எழுதறது இதான் முதல் தடவை, நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

மனை 25 அடி அகலம், 50 அடி நீளம். ரெண்டு பக்கமும் பின்னாடியும் ஏற்கனவே ரெண்டு மாடி வீடுங்க வந்தாச்சு. முன்னாடி ரோடு, மேற்கு பார்த்தது, எதிர் வீட்டு பால்கனில நிக்கறவங்க சட்டைல எத்தனை பட்டன் மாட்டிருக்காங்கன்னு எண்ணிடலாம், அவ்ளோ நெருக்கம். விதிப்படி பக்கத்துக்கு 3 அடி, முன்னாடி பின்னாடி 5 அடி விட்டா கட்டறதுக்கு மிச்சம் 19க்கு 40. ரெண்டு தளம் போடலாம், அதுக்கு மேல எங்களுக்கு தேவையும் இல்ல.

வீட்ல நான், வீட்டுக்காரர், 9 வயசு பையன், 4 வயசு பொண்ணு, அத்தை. அத்தைக்கு முட்டி வலி, மாடி ஏற மாட்டாங்க. இப்ப இருக்கற வாடகை வீட்ல எங்க திரும்பினாலும் ஏதோ ஒண்ணு அடைச்சிட்டு இருக்கு, அதனாலதான் சொந்தமா கட்டும்போது மினிமலா, வெள்ளையா, கண்ணுக்கு அமைதியா இருக்கணும்னு ஒரு ஆசை.

ஆர்க்கிடெக்ட் முதல் பிளான் குடுத்துட்டார். முன்பக்கம் ரெண்டு மாடி உயரத்துக்கு முழு கண்ணாடி, ஹால் டபுள் ஹைட் (நடுவுல தளம் இல்லாம ரெண்டு மாடி உயரம்), கீழ ஹால் டைனிங் கிச்சன் எல்லாம் நடுவுல சுவரே இல்லாம ஒரே ஓபன், பின்னாடி அத்தை ரூம், மேல மூணு பெட்ரூம். 3டி படம் பார்த்தா கண்ணை எடுக்க முடியல. ஆனா அந்த படத்துல ஒரு செருப்பு இல்ல, ஸ்கூல் பேக் இல்ல, காயற துணி இல்ல. வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், வாஷிங் மெஷின் எங்க வரும்னு. அதை அப்புறம் பார்த்துக்கலாம் சார்னு பதில்.

அதுலேருந்து எனக்கும் பயம் வந்துடுச்சு. மூணு பக்கமும் வீடு மறைக்குது, நடு வீட்டுக்கு வெளிச்சம் எங்கேருந்து வரும்? அந்த கண்ணாடி போட்டா நாங்க எப்பவும் ஷோகேஸ்லதான் இருக்கணுமா? பிள்ளைங்க இருக்கற வீட்ல பொருளை எல்லாம் எங்க கொண்டு போய் வைக்கறது? ஓபன் ஹால்ல சத்தம் அத்தையை தூங்க விடுமா? அப்புறம் இந்த சன்ஷேட் எதுவுமே இல்லாத வெள்ளை பெட்டி டைப் வீடெல்லாம் ஒரு மழைக்காலம் தாங்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கோடுபோடறவன்:

மேடம், நான் இதே தொழில்தான், ஆனா உங்க ஆர்க்கிடெக்ட்டை குறை சொல்ல வரல, முதல் பிளான்னா ஆசை காட்டறதுதான் வழக்கம். ரெண்டாவது பிளான்லதான் வேலையே ஆரம்பிக்கும்.

வெளிச்சத்துக்கு ஒரு தோராய கணக்கு சொல்றேன். ஜன்னலோட மேல் விளிம்பு தரைலேருந்து எவ்ளோ உயரமோ, அதுல ரெண்டுலேருந்து ரெண்டரை மடங்கு தூரம் வரைக்கும்தான் பகல் வெளிச்சம் உபயோகமா உள்ள வரும். லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேல வர்ற உத்தரம், 7 அடின்னா 14லேருந்து 17 அடி. உங்க வீடு 40 அடி ஆழம், முன்னாடிலேருந்து 15, பின்னாடிலேருந்து 15 போக நடுவுல ஒரு 10 அடி பட்டை எந்த ஜன்னலுக்கும் சொந்தமில்லாம இருட்டா நிக்கும். அதுவும் வெளிய திறந்த வெளியா இருந்தாதான் இந்த கணக்கு. உங்களுக்கு பின்னாடி வீடு மறைக்குது, அதனால பின்பக்கம் 15 கூட கிடைக்காது. முன்னாடி எவ்ளோ பெரிய கண்ணாடி போட்டாலும் அந்த நடு பட்டைக்கு பெருசா மாறாது, ஹாலோட முன்பாதிதான் கண்ணு கூசும், பின்பாதி அதைவிட இருட்டா தெரியும். பளிச்னு ஒரு பக்கம் இருந்தா கண்ணு அதுக்கு பழகிடும், மத்த பக்கம் எல்லாம் மங்கலாத்தான் படும்.

அதனால வெளிச்சத்தை மேலேருந்து இறக்கணும். நெருக்கமான இடத்துல யாரும் மறைக்க முடியாத ஒரே பக்கம் வானம்தான். நான் பண்ணா இப்படி பண்ணுவேன்: அந்த நடு 10 அடி பட்டையை முழுசா வெளிச்சத்துக்கும் படிக்கட்டுக்கும் குடுத்துடுவேன். 9 இன்ச் சுவர் போக உள்ள அகலம் 17.5 அடி. ஒரு ஓரத்துல மடிஞ்சு திரும்பற படிக்கட்டு 6.5 அடி, நடுவுல 4 அடி நடை, இன்னொரு ஓரத்துல 7க்கு 10ல ஒரு சின்ன முற்றம், மேல திறந்தது. கூட்டிப் பாருங்க, சரியா 17.5 வரும். தளத்துக்கு 70 சதுர அடி, ரெண்டு தளத்துக்கு 140 போகும். மொத்தம் 1520ல அது பத்துல ஒரு பங்குக்கும் குறைவு. அதுக்கு பதிலா வீட்ல இருக்கற ஒவ்வொரு ரூமும் ரெண்டு பக்கம் வெளிச்சம் பார்க்கும். படிக்கட்டுக்கு மேல ரூஃபை 3 அடி தூக்கி பக்கவாட்டுல திறக்கற ஜன்னல் வைங்க. படுக்கை வசமா கண்ணாடி வைக்காதீங்க, உச்சி வெயில் நேரா இறங்கும், நிறுத்தவும் முடியாது, மழை பெஞ்சா ஒழுகற முதல் இடமும் அதுதான். நின்ன மாதிரி ஜன்னல்னா வெயில் குறையும், சூடான காத்து மேல ஏறி அது வழியா வெளிய போகும், கீழ முற்றத்துலேருந்து குளிர்ந்த காத்து உள்ள வரும். உயர வித்தியாசம் அதிகமாக ஆக இந்த இழுப்பும் அதிகம், ரெண்டு மாடி உயரம் தாராளமா போதும். ஜன்னல் எந்த திசை பார்க்கணும்கறது நீங்க பூமத்திய ரேகைக்கு வடக்கயா தெற்கயாங்கறதை பொறுத்தது, நேர் வெயில் படாத திசையை தேர்ந்தெடுங்க.

ஒரு எச்சரிக்கை. 7 அடி அகலத்துல 21 அடி உயரம்னா கீழ் தளத்துக்கு வர்ற வெளிச்சம் மேல் தளத்தை விட நிறைய குறைவாத்தான் இருக்கும். முற்றத்து சுவரை வெள்ளையடிங்க, நல்ல வெள்ளை பெயின்ட் படற வெளிச்சத்துல அஞ்சுல நாலு பங்கை திருப்பி அனுப்பும். செங்கல்லை அப்படியே விட்டா அழகா இருக்கும், ஆனா வெளிச்சத்தை குடிச்சிடும். கீழ பெரிய கண்ணாடி, மேல போக போக சின்ன ஜன்னல், இதான் முறை. நிறைய பேர் தலைகீழா வைக்கறாங்க.

டபுள் ஹைட் பத்தி. ஹாலுக்கு மேல 15க்கு 12 திறந்து விட்டா மேல் தளத்துல 180 சதுர அடி போச்சு. முற்றத்துக்கு 70, படிக்கட்டுக்கு 65ன்னு அதுவும் கழிச்சிட்டு மூணு பெட்ரூம் எங்க வைப்பீங்க? மூணும் தீப்பெட்டிதான். ரெண்டு மாடி உயரம் உங்களுக்கு முற்றத்துல ஏற்கனவே கிடைக்குது, ஹாலுக்கும் எதுக்கு.

---

முற்றம்பிரியை:

மேல சொன்ன அண்ணாவுக்கு பத்து லைக். நீலமாடி அக்கா, நீங்க கட்டாயம் பார்க்க வேண்டிய வீடு ஒண்ணு இருக்கு, ஜப்பான்ல ஒசாகா நகரத்துல சுமியோஷின்னு ஒரு பகுதி, அங்க தடாவோ ஆண்டோங்கற ஆர்க்கிடெக்ட் 1976ல முடிச்ச அசுமா வீடு. வரிசையா ஒட்டிக்கிட்டு இருக்கற பழைய மரவீடுங்களுக்கு நடுவுல ஒரு கான்கிரீட் பெட்டி, ரோட்டுப் பக்கம் வாசலைத் தவிர ஒரு ஜன்னல் கூட கிடையாது. நீளத்தை மூணா பிரிச்சு நடு பங்கை அப்படியே வானத்துக்கு விட்டுட்டார். எல்லா ரூமும் அந்த நடு முற்றத்தைத்தான் பார்க்கும். நெருக்கடியான இடத்துல வெளிய பார்க்கறதை விட உள்ள பார்க்கற வீடுதான் சரின்னு ஒரே அடியில காட்டினது அந்த வீடு. மூணுல ஒரு பங்கு இடத்தை காலியா விடறதுக்கு தைரியம் வேணும்ல.

உங்க ரோட்டுப் பக்க சுவரையும் அதே மாதிரி முழுசா மூடிடுங்க, எதிர் வீட்டு பால்கனி பிரச்சனையே முடிஞ்சுது, மேற்கு வெயிலும் முடிஞ்சுது.

---

ரசமட்டம்:

அந்த அசுமா வீட்ல பெட்ரூம்லேருந்து பாத்ரூம் போகணும்னா திறந்த முற்றத்தை தாண்டித்தான் போகணும். மழை பெஞ்சா கைல குடை. அதையும் சொல்லுங்க தங்கச்சி. முட்டி வலி இருக்கற பெரியம்மாவை ராத்திரி ரெண்டு மணிக்கு ஈரத்தரையில நடக்க விடுவீங்களா. ஐடியா நல்லது, அப்படியே காப்பி அடிக்கறதுதான் கூடாது. அவங்க ரூமுக்கு ஒட்டினாப்ல பாத்ரூம், கதவு 3 அடி அகலம், வாசப்படி தட்டாம ஒரே மட்டம், பின்னாடி சக்கர நாற்காலி வந்தாலும் திரும்பறதுக்கு 5 அடி வட்டம் இடம். முட்டி இப்ப இருக்கற மாதிரியே பத்து வருஷம் கழிச்சு இருக்காது.

நான் சைட்ல நிக்கற ஆளு, எனக்கு டிசைன் பேச வராது, எது எப்படி கெட்டுப்போகும்னு மட்டும் தெரியும். மினிமல் வீடுன்னா சிம்பிள், கொத்தனாருக்கு வேலை கம்மின்னு ஜனங்க நினைக்கறாங்க, சைட்ல அது அப்படியே உல்டா. ஸ்கர்ட்டிங் எதுக்கு வச்சான்? தரையும் சுவரும் சேர்ற இடத்துல கோணல் தெரியாம இருக்க. கதவைச் சுத்தி பட்டி எதுக்கு? நிலைக்கும் பூச்சுக்கும் நடுவுல விடற விரிசல் தெரியாம இருக்க. சீலிங் ஓரத்துல கார்னிஸ் எதுக்கு? அதுவும் அதேதான். ரெண்டு பொருள் சேர்ற எல்லா இடத்துலயும் ஒரு மூடி இருக்கும். மினிமல்ல அத்தனை மூடியையும் எடுத்துடறீங்க, அப்ப அடியில இருக்கற வேலை முகம் பார்க்கற அளவுக்கு சுத்தமா இருக்கணும். சுவர் 10 அடிக்கு அரை இன்ச் வாங்கியிருந்தா சாதாரண வீட்ல யாருக்கும் தெரியாது, உங்க வீட்ல சாயங்கால வெயில் சாய்வா அடிக்கும்போது அலை அலையா தெரியும். அதனால ஆள் முக்கியம். கட்டி முடிச்ச வேலை ஒண்ணை நேர்ல போய் பார்த்துட்டு ஆளை புக் பண்ணுங்க, படத்தை பார்த்து இல்ல.

ஸ்கர்ட்டிங் வேணாம்னா சுவரோட ஒரே மட்டத்துல பதிச்சிடற மாதிரி போடுங்க, மேல ஒரு சின்ன காடி விட்டு. சுத்தமா எதுவுமே வைக்காம விட்டா மாப் போடற தண்ணி வெள்ளைச் சுவர்ல ஏறி கீழ நாலு இன்ச்சுக்கு கறுப்பு கோடு விழும்.

இப்ப வெளிப்பக்கம். வெள்ளை பெட்டி வீடுங்க ரெண்டு வருஷத்துல ஜன்னல் ரெண்டு மூலைலேருந்தும் கண்ணீர் வழிஞ்சாப்ல கறை விட்டு நிக்கறதை பார்த்திருப்பீங்க. காரணம் மழை இல்ல, தூசி. ஜன்னல் அடிக்கட்டைல தூசி உட்காரும், மழை அதை கழுவி சுவர் மேலயே இறக்கும். அந்த அடிக்கட்டைக் கல்லை சுவரை விட ஒண்ணரை இன்ச் வெளிய நீட்டி, வெளிப்பக்கம் வாட்டம் குடுத்து, அடில ஒரு காடி வெட்டிட்டா தண்ணி சுவரை தொடாம சொட்டிடும். ஒண்ணரை இன்ச் நீட்டினா மினிமல் கெட்டுடும்னு ஆர்க்கிடெக்ட் சொன்னா மெல்லிசா மெட்டல் தகடு போட சொல்லுங்க, கீழேருந்து பார்த்தா கோடு மாதிரி கூட தெரியாது. மொட்டை மாடி கைப்பிடிச் சுவர் தலைப்புக்கும் இதே கதை, வாட்டம் உள்பக்கம் மாடியைப் பார்த்து இருக்கணும், வெளிப்பக்கம் விட்டா மொத்த அழுக்கும் முகப்புலதான் இறங்கும்.

மாடித் தளத்துக்கு 80 அடிக்கு ஒரு அடிங்கற கணக்குக்கு குறையாம வாட்டம், தண்ணி இறங்க ரெண்டு பைப், ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணு வேலை செய்யணும். வாட்டர்ப்ரூஃப் முடிஞ்சதும் ஓட்டையை அடைச்சு தண்ணி கட்டி 48 மணி நேரம் நிறுத்தி கீழ பாருங்க, அதுக்கு அப்புறம்தான் மேல டைல்ஸ். படிக்கட்டுக்கு மேல ரூஃபை தூக்கி வைக்கற அந்த ஜன்னலுக்கு அடிக்கட்டை மாடி மட்டத்துலேருந்து 6 இன்ச்சாவது எழும்பி இருக்கணும். ஹாலோ பிளாக்கும் கான்கிரீட் தூணும் சேர்ற இடமெல்லாம் வலை அடிச்சு பூச சொல்லுங்க, இல்லன்னா வெள்ளைச் சுவர்ல மயிரிழை விரிசல் தூணோட உருவத்தை வரைஞ்சு காட்டும்.

---

முற்றம்பிரியை:

குடை விஷயம் உண்மைதான் 😅 ஆனா கோடுபோடறவன் அண்ணா பிளான்ல நடை கூரைக்கு அடியிலதான இருக்கு, முற்றம் பக்கத்துல. அப்ப அத்தை நனையாமயே போகலாம். நான் சொல்ல வந்தது அந்த உள்பார்வைதான்.

---

கோடுபோடறவன்:

ஆமா தங்கச்சி, நடை மூடினதுதான். ஆனா ரோட்டுப் பக்கம் முழுசா மூடறதுல எனக்கு உடன்பாடு இல்ல. பிள்ளைங்க வாசல்ல விளையாடும்போது உள்ளேருந்து பார்க்க ஒரு கண்ணாவது வேணும், தெருவுக்கும் அது நல்லது, எல்லா வீடும் முதுகைக் காட்டினா அந்த தெருவுல ராத்திரி நடக்கவே பயமா இருக்கும். முழு கண்ணாடியும் வேணாம். பகல்ல வெளிய வெளிச்சம் அதிகம், அதனால உள்ள தெரியாது. விளக்கு போட்ட நிமிஷம் அது தலைகீழாகும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நீங்க சொன்ன ஷோகேஸ்தான். அப்ப திரையை இழுத்துடுவீங்க, மேற்கு வெயிலுக்கு மதியமும் இழுத்துடுவீங்க, மிச்சம் எப்பதான் அந்த கண்ணாடி திறந்திருக்கும்? போதாக்குறைக்கு உள்ள போடற திரை வெயிலை முழுசா நிறுத்தாது, கண்ணாடியை தாண்டி வந்த சூடு வந்ததுதான். மறைப்பு வெளியதான் இருக்கணும். மேற்கு வெயில் தாழ்வா வரும், அதுக்கு மேல நீட்டற சன்ஷேட் உதவாது, நெட்டுக்குத்தா நிக்கற பட்டைகளோ ஜாலியோ (ஓட்டை ஓட்டையா விட்ட தடுப்பு)தான் உதவும். கண்ணாடியை ரெண்டு அடி உள்ள தள்ளி, முன்னாடி ஜாலி போட்டா மதிய வெயில் உடைஞ்சு உள்ள வரும், உங்களுக்கு தெரு தெரியும், தெருவுக்கு நீங்க தெரிய மாட்டீங்க. அந்த ரெண்டு அடி இடைவெளியில செடி வைக்கலாம்.

பக்கத்து 3 அடி சந்துல ஜன்னல் வைக்கறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்துட்டு போய் பக்கத்து வீட்டு ஜன்னல் எல்லாம் எந்த உயரம், எந்த இடம்னு அளந்து உங்க பிளான்ல குறிங்க. இதை யாருமே செய்யறதில்ல, கட்டி முடிச்சதும் ஜன்னலுக்கு நேர் ஜன்னல். பாத்ரூம், கிச்சன், படிக்கட்டுக்கு மட்டும் அந்தப் பக்கம் வைங்க, அடிக்கட்டை அஞ்சரை அடிக்கு மேல. எல்லைக்கு அவ்ளோ பக்கத்துல திறப்பு வைக்க சில ஊர்கள்ல தீ பாதுகாப்பு விதி தடுக்கும், அதையும் விசாரிச்சுக்கோங்க. முற்றத்தோட வெளிச்சுவரை மாடி உயரத்துக்கு ஏத்திட்டு மேல் பகுதில மட்டும் ஜாலி விட்டா பக்கத்து வீட்டு மாடிலேருந்து எட்டிப் பார்க்க முடியாது.

---

ரெண்டுவாலு:

அக்கா நான் ஆர்க்கிடெக்ட் இல்ல இஞ்சினியர் இல்ல, ரெண்டு பசங்களோட ஒரு மினிமல் வீட்ல குடித்தனம் பண்றவ, அதனால என் பேச்சை கேளுங்க 😀 மினிமல் வீட்டுக்கு சாதாரண வீட்டை விட அலமாரி அதிகமா வேணும். இதை யாரும் சொல்ல மாட்டாங்க. படத்துல வெத்து சுவரா தெரியுது பாருங்க, நல்லா இருக்கற வீட்ல அதுல பாதி சுவர் இல்ல, கதவு. கைப்பிடி இல்லாத, சுவர் கலர்லயே பெயின்ட் அடிச்ச கதவு, அழுத்தினா திறக்கும்.

பிளான் ஒகே பண்றதுக்கு முன்னாடி இப்ப இருக்கற வீட்ல ஒரு நோட்டை எடுத்துட்டு ரூம் ரூமா போய் பொருளை எழுதுங்க. பெட்டி, ஏணி, வாக்குவம் கிளீனர், துடைப்பம் (துடைப்பத்துக்கு நெட்டா ஒரு கப்போர்டு வேணும்கறதை எந்த பிளான்லயும் நான் பார்த்ததில்ல), விருந்தாளி மெத்தை, அயன் பண்ற டேபிள், மருந்து டப்பா, பிள்ளைங்க வரைஞ்சு தள்ளற பேப்பர், சார்ஜர் கும்பல், வைஃபை பெட்டி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் பிளான்ல பென்சில்ல எழுதி காட்ட சொல்லுங்க. இடம் இல்லாத பொருள் டைனிங் டேபிள் மேலதான் வந்து உட்காரும், அது எங்க வீட்டு சட்டம்.

ஆழம் முக்கியம். எல்லாமே ரெண்டு அடி ஆழத்துல அடிச்சு குடுத்துடுவாங்க, ஹேங்கர்ல மாட்ற துணிக்கு, மெத்தைக்கு அது சரி. புத்தகம், மளிகை டப்பா, செருப்பு, பொம்மைக்கு ஒரு அடி போதும், ரெண்டு அடின்னா பின்னாடி போன பொருள் அடுத்த தடவை வீடு மாறும்போதுதான் கிடைக்கும். ரெண்டு ரூமுக்கு நடுவுல செங்கல் சுவருக்கு பதிலா அலமாரியையே வைக்கலாம், பாதி இந்த ரூமுக்கு பாதி அந்த ரூமுக்கு, இடமும் மிச்சம். துணி அடைச்சு இருந்தா சத்தமும் கொஞ்சம் குறையும், ஆனா பின்னாடி நல்ல கனமான பலகை கேளுங்க, மெல்லிசு போட்டா பக்கத்து ரூம்ல கொட்டாவி விட்டா கூட கேக்கும்.

வாசல்ல நுழைஞ்ச உடனே 4 அடியாவது ஒரு அலமாரி, உட்கார்ந்து ஷூ கழட்ட ஒரு பெஞ்சு, ஸ்கூல் பேக் மாட்ட பிள்ளைங்க உயரத்துல கொக்கி. பெரியவங்க உயரத்துல வச்சா பேக் தரையிலதான். ஹால் சுத்தமா இருக்கறதும் இல்லாததும் இந்த 4 அடிலதான் முடிவாகுது, சத்தியமா.

வாஷிங் மெஷின் கேட்டாருல்ல உங்க வீட்டுக்காரர், அவர் கையைக் குடுங்க. துணி துவைக்கறது மாடிலயே வைங்க, துணி கழட்டறது, மடிச்சு வைக்கறது எல்லாமே பெட்ரூம் பக்கம்தான், எதுக்கு கூடையைத் தூக்கிட்டு கீழயும் மேலயும். காயப் போட மொட்டை மாடில தெருவுக்கு தெரியாத மூலை.

பிள்ளைங்க ரூம்: பொண்ணுக்கு 4 வயசுதான், இப்பவே ரெண்டு தனி ரூம் வேணாம். ஒரே பெரிய ரூமா விடுங்க, ஆனா ரெண்டு கதவு, ரெண்டு ஜன்னல், ரெண்டு செட் சுவிட்சு, ரெண்டு ஃபேன் பாயின்ட் முதல்லயே வச்சிடுங்க. அஞ்சாறு வருஷம் கழிச்சு நடுவுல அலமாரியை நகர்த்தினா ரெண்டு ரூம், இடிக்கற வேலையே இல்ல.

---

கோடுபோடறவன்:

கடைசில சொன்னது அருமை. நூறு வருஷம் முன்னாடியே பண்ணிட்டாங்க, நெதர்லாந்துல உட்ரெக்ட் நகரத்துல ரீட்வெல்ட்ங்கற ஆர்க்கிடெக்ட் கட்டின ஷ்ரோடர் வீடு, 1924. மேல் தளம் பகல்ல ஒரே ஹால், ராத்திரி நகர்த்தற தடுப்பை இழுத்தா தனித்தனி ரூம். அதுவும் மூணு பிள்ளைங்க இருந்த வீடுதான்.

---

காதுலவிழுது:

சத்தம் பத்தி யாரும் சரியா பேசல, அது என் ஏரியா, அதனால உள்ள வர்றேன். வாலஸ் சபைன்னு ஒரு இயற்பியல்காரர், 1890கள்ல ஹார்வர்டுல ஒரு லெக்சர் ஹால்ல பேசறது யாருக்கும் புரியலன்னு அவர்கிட்ட குடுத்தாங்க. மனுஷன் ராத்திரி ராத்திரி பக்கத்து தியேட்டர் சீட்டு மெத்தைகளை தூக்கிட்டு வந்து அடுக்கி, ஒவ்வொரு தடவையும் எதிரொலி எவ்ளோ நேரம் நிக்குதுன்னு அளந்தார். அவர் கண்டுபிடிச்சது இன்னிக்கும் அதேதான்: ரூமோட கன அளவு கூட கூட எதிரொலி நீளும், சத்தத்தை உறிஞ்சற பொருள் கூட கூட குறையும். இப்ப உங்க முதல் பிளானை பாருங்க. டபுள் ஹைட், அதாவது கன அளவு ரெண்டு மடங்கு. கண்ணாடி, டைல்ஸ், வழவழ பூச்சு, திரை கிடையாது, அதாவது உறிஞ்சறதுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு ஸ்பூன் கீழ விழுந்தா மேல பெட்ரூம்ல தூக்கம் போகும்.

ஜாமான் வாங்கி அடைக்க வேணாம், மினிமலாவே தீர்க்கலாம். சுவருக்கு சுவர் ஒரு கனமான விரிப்பு, சீலிங்ல துளை போட்ட போர்டுக்கு பின்னாடி கம்பளி மாதிரி பஞ்சு, புத்தக அலமாரி ஒண்ணு திறந்தாப்ல. அத்தை ரூம் கதவு உள்ள காலியா இல்லாத கதவா இருக்கணும், சுத்தி ரப்பர் சீல், அடில இடுக்கு இல்லாம. கதவு அடில அரை இன்ச் சந்து விட்டா நீங்க சுவருக்கு என்ன செலவு பண்ணாலும் வீண், சத்தம் அது வழியா வந்துடும். டிவி சுவரும் அத்தை கட்டில் தலைமாட்டு சுவரும் ஒண்ணா இருக்கவே கூடாது.

---

சும்மாபார்க்கறேன்:

மினிமல்னா செலவு கம்மின்னு நினைச்சு இந்த த்ரெட்டுக்குள்ள வந்தேன். தப்பிச்சேன்.

---

ரசமட்டம்:

தம்பி, பொருள் செலவு குறையும், கூலி ஏறும், கடைசில ரெண்டும் சரியாப் போகும். மிச்சம் புடிக்கணும்னா பைப்புல புடிங்க. மேல் பாத்ரூமுக்கு நேர் கீழ பாத்ரூம், ஒட்டி கிச்சன், எல்லாம் ஒரே குழாய்த் தடத்துல. அந்த தடத்துக்கு ஆள் கை போற அளவுக்கு ஒரு கதவு வைக்காம மூடிடாதீங்க. எல்லாத்தையும் மறைக்கறது சரி, ஆனா மறைச்சதை திறந்து பார்க்கவும் வழி வேணும். ஏசி வெளிப்பெட்டியை 3 அடி சந்துல மாட்டினா அந்த சூட்டுக் காத்து நேரா பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு, சண்டை நிச்சயம். மாடிக்கு ஏத்திடுங்க, அதுக்கு பைப் போற ஓட்டையை கான்கிரீட் போடறதுக்கு முன்னாடியே சென்ட்ரிங்ல (பலகை அடிக்கும்போதே) விட சொல்லுங்க.

---

நீலமாடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பார்க்கல. பிரிண்ட் போட்டு எடுத்துட்டு ஆர்க்கிடெக்ட்கிட்ட போனோம். முகம் சுளிப்பார்னு நினைச்சேன், இல்ல, நடு பட்டை ஐடியா அவருக்கே புடிச்சுப் போச்சு. டபுள் ஹைட் போச்சு, முற்றம் வந்தாச்சு, அத்தை ரூம் முற்றத்தை பார்த்து திரும்பியாச்சு, அவங்க கட்டில்லேருந்தே வாசல் வரைக்கும் தெரியும், அதுல அவங்களுக்கு ஏக சந்தோஷம். வாஷிங் மெஷின் மாடில. துடைப்பக் கப்போர்டு கூட பிளான்ல எழுதி வாங்கிட்டேன் ரெண்டுவாலு சிஸ்டர் 😀

இன்னும் ரெண்டு சந்தேகம். பிளானை பேப்பர்ல பார்த்தா எனக்கு அளவு புரிய மாட்டேங்குது, 4 அடி நடை போதுமா? அப்புறம் ரோட்டுப் பக்க ஜாலி, அதுக்கு எதாவது கவனிக்கணுமா?

---

ரசமட்டம்:

4 அடி நடை தாராளம், 3 அடிலயே ஒரு ஆள் நடந்துடலாம், சக்கர நாற்காலில போகறவங்களுக்கும் எதிர்ல ஒருத்தர் வர்றதுக்கும் சேர்த்துதான் அந்த கூடுதல் ஒரு அடி. பேப்பர்ல புரியலன்னா மனைல சுண்ணாம்புத் தூள் போட்டு முழு அளவுல கோடு இழுக்க சொல்லுங்க, கதவு, கட்டில், சோபா எல்லாம் சேர்த்து. பெரியம்மாவையும் கூட்டிட்டு போய் உள்ள நடந்து பாருங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, வெறும் மனைல கோடு போட்டா எல்லா ரூமும் சின்னதாத்தான் தெரியும், சுவர் எழும்பினா பெருசா தெரியும், அதைப் பார்த்து பதறி பிளானை மாத்தாதீங்க. படிக்கு 7 இன்ச் உயரம்னு போட்டிருப்பாங்க, பெரியம்மா எப்பவாவது மேல வரணும்னா 6 இன்ச்சுக்கு குறைச்சு கேட்டுப் பாருங்க, மாடிக்கு மாடி பத்தரை அடின்னா 18 படி 21 படி ஆகும், மடிஞ்சு வர்ற படிக்கட்டுல ஒரு ஒண்ணரை அடி நீளம் கூடும், முற்றத்து பட்டைக்கு வெளிய போகாம அடங்குமான்னு உங்க ஆர்க்கிடெக்ட் பார்த்து சொல்லணும்.

ஜாலிக்கு, ஓட்டை ரொம்ப சின்னதா வேணாம், தூசியும் சிலந்தியும் அடைச்சிடும், ஒரு 4 இன்ச் ஓட்டைன்னா கை போய் துடைக்கலாம். ஓட்டையோட அடிப்பக்கம் வெளிய பார்த்து லேசா வாட்டம். கண்ணாடிக்கும் ஜாலிக்கும் நடுவுல அந்த ரெண்டு அடில தண்ணி போக ஒரு ஓட்டை விட்டிருக்காங்களான்னும் பாருங்க, செடிக்கு ஊத்தற தண்ணி அங்கதான் தேங்கும்.